உங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் மறக்க முடியாத ஆட்டம் எது?

நாகர்கோவிலில் ஒரு மகளிர் கல்லூரியில் 1996 முதல் 1999 வரை படித்தேன். மூன்று வருடமும் பாஸ்கெட் பால் டீமில் இருந்தேன். உயரம் ஐந்தடி, அதனால் பெரும்பாலும் பெஞ்சில்தான். டேபிளில் எழுதும் ஸ்கோர் ஷீட்டை அமைப்பாளர்கள் எடுத்துப் போய்விடுவார்கள் என்பதால், எங்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைக்கச் சொன்னார் பி.டி. மிஸ். அந்த வேலை என்னிடம் வந்தது. நீள நோட்டு, சிவப்பு அட்டை. இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. நீங்கள் ஓர் ஆட்டத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஒன்றைச் சொல்ல அதற்கு முந்தைய வருடத்து ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும்.

தோழிகளின் பெயரை எழுதவில்லை, ஜெர்ஸி நம்பரையே எழுதுகிறேன். நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் நம்பர் 4-ல் தொடங்கி 15-ல் முடியும். ரெஃப்ரீ ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டினால் அது பாயின்ட்டாகவோ, மூன்று செகண்ட் விதியாகவோ இருக்கும். ஆட்டக்காரரின் நம்பர் அதோடு குழம்பக் கூடாது. எங்கள் கேப்டன் நாலு. நெட்டைப் பிள்ளை ஒன்பது. நான் பதினைந்து.

1997. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக இன்டர் காலேஜ் போட்டி, பாளையங்கோட்டையில். காலை ஒன்பது மணிக்கு ஆட்டம். வடசேரியில் ஆறு மணிக்கு முன்பே பஸ் ஏறிவிட்டோம். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி, பணகுடியும் தாண்டிய பிறகு பஸ் நின்றுவிட்டது. அடுத்தடுத்து வந்த பஸ்களில் நிற்கக்கூட இடமில்லை. கடைசியில் ஒன்றில் தொங்காத குறையாக ஏறி, மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது நாற்பது.

விதிப்படி பதினைந்து நிமிடத்துக்குள் ஐந்து பேர் கோர்ட்டில் நிற்கவில்லை என்றால் ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். 20-0 என்று எழுதி முடித்துவிடலாம். தூத்துக்குடிப் பக்கத்து அணி அது. போன வருடம் இறுதி ஆட்டம் வரை போனவர்கள். வெயிலில் வார்ம்-அப் முடித்து, வியர்வை காய்ந்துபோய் நின்றுகொண்டிருந்தார்கள். ரெஃப்ரீ விசிலைக் கையில் எடுத்த நேரத்தில் அவர்களுடைய கேப்டன்தான் போய், "சார், அவங்க நாகர்கோவில்ல இருந்து வரணும், நாங்க நிக்கோம்" என்று சொல்லியிருக்கிறாள். இதை டேபிளில் இருந்த அக்கா பிறகு எங்களிடம் சொன்னார். நாங்கள் ஷூ கட்டும்போது அவர்கள் வைத்திருந்த குளுக்கோஸ் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு ஆட ஆரம்பித்து 52-27 என்று எங்களை அடித்து அனுப்பினார்கள். ஒரு பந்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்த 27 பாயின்ட்டும் நாங்கள் உழைத்து எடுத்தது என்பதால் எனக்கு அந்தத் தோல்வி இன்றும் இனிக்கிறது.

அதே ஆண்டு ஐப்பசியில் எங்கள் கல்லூரியிலேயே ஒரு மழை ஆட்டம். குமரி மாவட்டத்தில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. சிமென்ட் தளத்தில் சாக்கைப் போட்டு இழுத்து இழுத்துத் துடைத்து, 19-17 என்று ஜெயித்தோம். லே-அப்புக்கு, அதாவது ஓடிப் போய் ரிங்குக்குப் பக்கத்தில் பந்தைப் போட, போன எல்லோரும் வழுக்கினார்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இனி 1998. மறுபடியும் இன்டர் காலேஜ், மறுபடியும் பாளையங்கோட்டை. இந்தத் தடவை செமி ஃபைனல் வரை வந்துவிட்டோம். எங்கள் கல்லூரி அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதாக மிஸ்ஸின் பழைய நோட்டுகளில் இல்லை. எதிரில் அதே தூத்துக்குடி அணி.

எங்களில் இரண்டு பேருக்கு அன்று பிராக்டிகல். அதனால் ஆறு பேர்தான் போனோம். ஐந்து பேர் கோர்ட்டில், ஆறாவதாக நான் நோட்டோடு பெஞ்சில். அப்போது இருபது நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். பத்து நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி என்பது 2000-ல் வந்த மாற்றம். பெண்களுக்கும் ஆண்கள் ஆடும் ஏழாம் நம்பர் பந்தேதான். அந்தக் கனத்தோடு மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து ரிங்கைத் தொட வைப்பதே எங்களுக்குப் பெரிய பாடு.

இரண்டாம் பாதியில் ஒன்பது நிமிடம் மிச்சம். நாங்கள் 36, அவர்கள் 35. எங்கள் சென்டர் பதினொன்றுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன். நோட்டில் அந்த ஆட்டம் 36-35-ல் நிற்கிறது. மீதிப் பக்கம் வெள்ளை.

நான் இறங்கி நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது, ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்துக்கு, குதித்த எட்டு இன்னொருத்தியின் கால் மேல் இறங்கிவிட்டாள். கணுக்கால் பிசகி, அப்போதே வீங்கிவிட்டது. மாற்று ஆள் கிடையாது. நாலு பேராக ஆடினோம். இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆறுக்கும் ஐந்தாவது ஃபவுல். இப்போது நாங்கள் மூன்று பேர், அவர்கள் ஐந்து பேர். ஸ்கோர் 42-39, இன்னும் நாங்கள்தான் முன்னிலையில்!

மூன்று பேர் ஐந்து பேரை எப்படித் தடுப்பது? நாலு எங்களை முக்கோணமாக நிறுத்தினாள். ரிங்குக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒன்பதும் நானும், ஃப்ரீ த்ரோ கோட்டில் அவள். வெளியே யார் நின்றாலும் விட்டுவிட வேண்டும், உள்ளே மட்டும் யாரையும் விடக் கூடாது. அவர்கள் நிதானமாக உள்ளே பாஸ் கொடுத்திருந்தால் எங்கள் கதை அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஆளில்லாத வெளியிடம் கண்ணில் பட்டதும் வெளியிலிருந்தே எறிய ஆரம்பித்தார்கள். அந்தக் கனத்த பந்து ரிங்கில் பட்டுப் பட்டுத் திரும்பியது. பந்து எங்கள் கைக்கு வந்தால், எறிய முப்பது செகண்ட் உண்டு. 2000-க்குப் பிறகுதான் அது 24 ஆனது. அந்த ஆறு செகண்ட் அன்று எங்களுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதை ஆடியவர்களைக் கேட்டால்தான் தெரியும். பத்து செகண்டுக்குள் பாதிக் கோட்டைத் தாண்டுவது, பிறகு மூன்று பேரும் ஓடி ஓடிப் பாஸ் கொடுத்து நேரத்தைக் கரைப்பது. அவ்வளவுதான் திட்டம்.

42-41 ஆனது. பிறகு நான் கொடுத்த ஒரு பாஸை அவர்களில் ஒருத்தி பாய்ந்து பிடித்து நேரே ஓடிப் போய் லே-அப் போட்டாள். 42-43. பதினைந்து செகண்ட்தான் இருக்கிறது. நாலு ஒருத்தியாகப் பந்தைக் கொண்டுபோய் ஒன்பதிடம் கொடுக்க, அவளை இரண்டு பேர் சேர்ந்து இடித்துவிட்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் ஒரு பாயின்ட் எறிகள். மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. முதலாவது உள்ளே விழுந்தது. இரண்டாவது ரிங்கைச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. 43-43.

எக்ஸ்ட்ரா டைம் ஐந்து நிமிடம். ஃபவுல் கணக்கு அப்படியே தொடரும், வெளியே போனவர்கள் திரும்ப வர முடியாது. மூன்று பேருக்கும் கால் ஓய்ந்துவிட்டது. அவர்கள் பயிற்சியாளர் இடைவேளையில் என்ன சொன்னாரோ, இப்போது வெளியிலிருந்து எறிவதை விட்டுவிட்டு உள்ளே பாஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். 45, 47, 49. ஒரு பந்தைத் தடுக்கப் போய் நாலு ஐந்தாவது ஃபவுல் வாங்கினாள். அந்த ஃப்ரீ த்ரோவில் ஒன்று விழுந்து 43-50. ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம் மிச்சம்.

கோர்ட்டில் ஒன்பதும் நானும் மட்டும். இரண்டு பேர் இருக்கும் வரை ஓர் அணி ஆடலாம் என்று விதி இருக்கிறது. ஒருத்தி மட்டும் என்றால்தான் ஆட்டம் நிற்கும். ரெஃப்ரீ மிஸ்ஸிடம் வந்து, "முடிச்சுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டார். மிஸ் எங்களைப் பார்த்து, "மக்களே, ஆடுவியளா? ஆடாண்டாம்னாலும் ஒண்ணும் இல்ல" என்றார். நான் ஒன்பதைப் பார்த்தேன். பெஞ்சிலிருந்து நாலு சத்தம் போட்டாள்: "ஏட்டி, போன வருஷம் அவிய நமக்காக நின்னாவல்லா? நாம பாதியில போனா நல்லாவா இருக்கும்?"

ஆடினோம்.

இரண்டு பேர் ஆடும்போது பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பந்தை உள்ளே போட ஒருத்தி கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அப்போது கோர்ட்டுக்குள் எங்கள் ஆள் ஒருத்திதான். அவர்கள் இரண்டு பேரை நிறுத்தி ஒன்பதை மறித்திருந்தாலே போதும். ஆனால் ஏழு பாயின்ட் முன்னிலையில் அவர்கள் எல்லோரும் தங்கள் ரிங்குக்குப் பின்வாங்கிவிட்டார்கள். நான் ஒன்பதுக்குப் போட்டேன், அவள் எனக்குத் திருப்பினாள். நான் கொடுக்க, அவள் வாங்க, அப்படியே பாதிக் கோட்டைத் தாண்டினோம். அவள் உள்ளே புகுந்ததும் ஐந்து பேரில் நாலு பேர் அவள் மேல் விழுந்தார்கள். நெட்டைப் பிள்ளையை விட்டால் போட்டுவிடுவாள் என்று அவர்களுக்குத் தெரியும். என்னை யாரும் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலிருந்து பந்தை எனக்குத் தள்ளினாள். ரிங்குக்கு இடது பக்கம், நாலடி தூரம். போர்டில் அடித்துப் போட்டேன். விழுந்தது. எங்கள் பெஞ்சில் நொண்டிக் காலோடு எட்டு எழுந்து கத்தியது கேட்டது.

கல்லூரிப் போட்டிகளில் நான் போட்ட ஒரே கூடை அதுதான்.

54-45 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கேப்டன் வந்து ஒன்பதைக் கட்டிப்பிடித்தாள். பிறகு எட்டை அவர்களில் இரண்டு பேர் தாங்கிப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. வள்ளியூர் வந்தபோது மிஸ் எல்லோருக்கும் சூடாக வடை வாங்கிக் கொடுத்தார்.

2021-ல் இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் முன்னாள் கேப்டன் அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது, அந்தச் செய்தியை எனக்கு முதலில் அனுப்பியது ஒன்பதுதான். அன்று இரவு வெகுநேரம் போனில் பேசினோம். நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன், அந்த வெள்ளைப் பக்கத்தை நிரப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். ஸ்கோர் ஷீட்டில் ஒரு கூடை விழுந்தால் அந்த எண்ணின் மேல் சாய்கோடு போட்டு, பக்கத்தில் போட்டவரின் நம்பரை எழுத வேண்டும். 38, நாலு. 42, ஒன்பது. 43-ம் ஒன்பது, ஃப்ரீ த்ரோ என்பதால் அதற்குக் கோடு இல்லை, கறுப்பு வட்டம். 45, பதினைந்து. அதை எழுதும்போது என் கை நடுங்கியது. 40-ஐ யார் போட்டார்கள் என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. நாலு என்கிறாள் அவள். கால் பிசகுவதற்குக் கொஞ்சம் முன்னால் எட்டு போட்டது அது என்கிறேன் நான். அந்த ஒரு கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.