ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகளின் இடத்தை ஒளியாலேயே எப்படி அளக்கிறார்கள்?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு யன்னல் வழியே காலை வெயில் கோடாக விழும்போது, அதில் தூசி மினுங்கும். தூசியின் உருவம் தெரியாது. அது சிதறடித்த ஒளிதான் கண்ணுக்கு வருகிறது. உங்கள் கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது.

40 நனோமீற்றர் பொன் துகள், நுணுக்குக்காட்டியில் ஏறத்தாழ 250 நனோமீற்றர் அகலமான மங்கல் பொட்டாகவே தெரியும். அலைநீளம் வகுத்த எல்லை அது. ஆனால் அந்த எல்லை, நெருங்கிய இரண்டு துகள்களைப் பிரித்துக் காண்பதற்குத்தான்; தனித்த ஒன்றின் நடுவைக் கண்டுபிடிப்பதற்கு அன்று. பலரும் குழம்புவது இங்கேதான். பொட்டின் ஒளி கமராவின் பல படப்புள்ளிகளில் பரவி விழுகிறது. எதில் எவ்வளவு விழுந்தது என்று கணக்கிட்டால் நடு கிடைத்துவிடும். போட்டன்கள், அதாவது ஒளித் துணுக்குகள், கூடக்கூட, அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பிழை குறையும்: 10,000 போட்டன்கள் சேர்ந்தால், பின்னணி இரைச்சல் குறைவாக இருக்கும்போது, ஏறத்தாழ ஒரு நனோமீற்றர்!

நுண்பொருள்களைப் பின்தொடர அடையாளமாக ஒட்டும் ஒளிரும் சாயங்கள் சிறிது நேரத்தில் வெளுத்துப்போகும். பொன் வெளுக்காது, நெடுநேரம் பின்தொடரலாம். ஒரு சிக்கல் உண்டு. விட்டம் பாதியானால் சிதறும் ஒளி 64 மடங்கு குறைகிறது. அதனால் மிகச் சிறிய துகள்களுக்கு, சிதறிய ஒளியைக் கண்ணாடித் தட்டில் தெறித்துவரும் ஒளியோடு குறுக்கிடச் செய்கிறார்கள்; அப்போது விட்டம் பாதியானாலும், கமராவில் கிடைக்கும் சைகை 8 மடங்குதான் குறையும்.