கேளுங்கள், சொல்கிறேன்: பேத்தியும் வேக இணையமும்

கேள்வி: என் பேத்தி டர்பனில் பல்கலைக்கழகத்தில் வானியல் படிக்கிறாள். அங்கே சட்டென்று இறங்கும் கோப்பு, சாட்ஸ்வொர்த் வீட்டில் ராத்திரி முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் ஒரே இணையம்தானே?

பதில்: பாதை வேறு, ஐயா. நம் தென்னாப்பிரிக்காவின் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இணைக்க சான்ரென் என்று ஒரு தனி வலையமைப்பு இருக்கிறது. அன்றாடம் அதை நடத்துவது டெனெட் என்ற அமைப்பு.

ஒரு கணக்குப் போடுவோம். 10 டெராபைட் தரவு. வீட்டின் நொடிக்கு 20 மெகாபிட் இணைப்பில் 46 நாள். நொடிக்கு 10 கிகாபிட் பாதை முழுசாகக் கிடைத்தால் இரண்டேகால் மணி நேரம். (நான் வேலை பார்த்த காலத்தில் வட்டில் பதிந்து தபாலில் அனுப்புவோம். பல சமயம் தபால்தான் முந்தும்!)

எதற்கு இவ்வளவு தரவு என்பீர்கள். கரூ வறண்ட நிலத்தில் கார்னர்வன் அருகே மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கிண்ண வடிவில் 64 அலைவாங்கிகள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். அவை அள்ளும் தரவு ஒளியிழை வழியாகக் கேப் டவுன் வரவேண்டும். நீண்ட தூரத்தில் வெறும் அகலப் பாதை போதாது. தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும்; வழியில் ஆயிரத்தில் ஒரு பொட்டலம் தொலைந்தாலே அனுப்பும் கணினி பயந்துபோய் வேகத்தைச் சட்டென்று குறைத்துவிடும். ஆய்வு வலையில் பொறியாளர்கள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இதோடுதான்.

சரி, பேத்திக்கு ஒரு யோசனை. கோப்பு முழுவதையும் வீட்டுக்கு இழுக்க வேண்டாம். கணக்கீட்டைப் பல்கலைக்கழக வளாகக் கணினியிலேயே ஓட்டி, முடிவை மட்டும் கொண்டுவரட்டும். கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனால் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் என்ற வைஃபையில், அவளுடைய டர்பன் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லே செல்லும்.