காவல் நிலையத்துக்கு அரசு நிதி எந்த வழியில் வருகிறது?

வாசகர் கேள்வி: எங்கள் பேரூராட்சியில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். தெருக்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த நன்கொடை தரும்படி காவல் நிலையத்தில் கேட்கிறார்கள். இரவு ரோந்து ஏன் வருவதில்லை என்று கேட்டால், ஆளும் இல்லை, வண்டிக்கு டீசலும் போதவில்லை என்கிறார்கள். மக்கள்தொகையைப் பார்த்துத்தானே அரசு ஒவ்வொரு நிலையத்துக்கும் பணம் ஒதுக்குகிறது? எங்கள் நிலையத்துக்கு எவ்வளவு வருகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தமிழ்நாட்டில் ஒரு காவல் நிலையத்துக்கென்று தனியாக வரவு செலவுத் திட்டம் கிடையாது, மக்கள்தொகைக்கு இவ்வளவு என்று பங்கிடும் சூத்திரமும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 43 வட்டாரக் காவல் படைகள் தனித்தனி அமைப்புகளாக இருப்பதால், அங்கே உள்துறை ஒரு சூத்திரத்தின்படி மானியத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. உள்ளூர் வரியிலும் ஒரு பங்கு காவலுக்குப் போகிறது. நம் ஊரில் பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தமாகக் காவல் படை இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை, ஒரே மானியக் கோரிக்கை, அதாவது துறையின் ஆண்டுச் செலவுக்கு அரசு சட்டமன்றத்திடம் ஒப்புதல் கேட்கும் தொகை. எனவே ‘எங்கள் நிலையத்துக்கு எவ்வளவு பணம்’ என்பதைவிட, ‘எங்கள் நிலையத்துக்கு எத்தனை பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன, அவற்றில் எத்தனை நிரப்பப்பட்டுள்ளன’ என்று கேட்பதுதான் உங்களுக்கு உதவும். ஏன் என்று சொல்கிறேன்.

சட்டமன்றத்தில் காவல் துறைக்கான மானியக் கோரிக்கை எண் 22 நிறைவேறியதும், அந்தத் தொகை கணக்குத் தலைப்புகளாகப் பிரிகிறது. அன்றாடச் செலவுகள் 2055 என்ற முதன்மைத் தலைப்பின்கீழ் வருகின்றன; அதற்குள் மாவட்டக் காவல், சிறப்புக் காவல் படை, குற்றப் புலனாய்வு, ரயில்வே காவல், நவீனமயமாக்கல் என்று உட்தலைப்புகள் உண்டு. கட்டடம் போன்ற மூலதனச் செலவுகளுக்கு 4055 என்ற தலைப்பு. காவல் துறைத் தலைமை இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஒதுக்கீடு மாநகரக் காவல் ஆணையர்களுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களுக்கும் பிரித்தளிக்கப்படுகிறது. பணம் எடுத்து வழங்கும் அலுவலர் என்ற அதிகாரம் அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. கருவூலத்தில் செலவுப் பட்டியல் (பில்) சமர்ப்பிக்கும் உரிமை உங்கள் நிலைய ஆய்வாளருக்கு இல்லை. மாவட்டக் காவல் அலுவலகத்தின் அமைச்சுப் பணியாளர்கள் தயாரிக்கும் பட்டியலின்படிதான் நிலையக் காவலர்களின் ஊதியமும் பயணப்படியும் வழங்கப்படுகின்றன.

இந்தச் செலவில் மிகப் பெரிய பங்கு ஊதியம். ஆண்டுதோறும் மதிப்பீடு தயாரிக்கும்போது, எந்த அலுவலகத்தில் எத்தனை பணியிடங்கள், ஒவ்வொருவருக்கும் என்ன ஊதியம் என்ற எண்ணிக்கை அறிக்கையிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. ஆகவே, நிதி என்பது பணியிடங்களின் பின்னாலேயே செல்கிறது. ஒரு நிலையத்தின் பணியிட எண்ணிக்கை அரசாணையால் நிர்ணயிக்கப்பட்டது. அது நிர்ணயிக்கப்பட்ட காலத்தின் மக்கள்தொகை, வழக்குகளின் எண்ணிக்கை, நிலையத்தின் எல்லைப் பரப்பு ஆகியவற்றைப் பார்த்துச் செய்யப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு ஊரைச் சுற்றி மனைப் பிரிவுகளும் கல்லூரிகளும் தொழிற்பேட்டையும் வந்திருந்தாலும், புதிய அரசாணை வராதவரை அந்த எண் தானாக உயராது. வளர்ந்துவிட்ட பல ஊர்களின் உண்மையான குறை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்பதில்லை.

டீசலைப் பொறுத்தவரை, நிலைய வாகனம் பொதுவாக மாவட்ட ஆயுதப்படையின் வாகனப் பிரிவின் கணக்கில் இருக்கும். எரிபொருளுக்கென்று மாவட்டத்துக்குக் கிடைத்த தொகையைக் கண்காணிப்பாளர் வண்டிகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். திருவிழா, தலைவர்கள் வருகை, தேர்தல் என்று பந்தோபஸ்து கூடும் மாதங்களில் அந்த வண்டிகள் அதிகம் ஓடுகின்றன; ஆண்டின் பிற்பகுதியில் திருத்திய மதிப்பீட்டிலோ, ஆண்டின் இடையில் கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கையிலோ தொகை வரும்வரை ரோந்துதான் முதலில் சுருங்குகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். சாலையில் வசூலிக்கும் அபராதம் நிலையத்தின் வருமானம் என்று பலர் நினைக்கிறார்கள். அரசமைப்புச் சட்டம் 266ஆம் பிரிவின்படி அது மாநிலத் தொகுப்பு நிதியில் சேர வேண்டிய பணம். சட்டமன்றத்தின் ஒப்புதல் இன்றி அதிலிருந்து ஒரு ரூபாயும் செலவிட முடியாது. அதிக அபராதம் விதித்த நிலையத்துக்கு அதிக நிதி என்ற முறை இல்லை, இருக்கவும் கூடாது.

மாநில நிதிக்கு மேல் மத்திய அரசின் உதவியும் உண்டு. 1969-70 முதல் நடைமுறையில் உள்ள காவல் படைகள் நவீனமயமாக்கல் திட்டத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் ஏற்கின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு இது 90க்கு 10. 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு இதையும் உள்ளடக்கிய ஒட்டுமொத்தத் திட்டத்துக்கு ரூ.26,275 கோடி ஒப்புதல் பெற்றது. ஆனால் அதில் மாநிலக் காவல் படைகளின் நவீனமயமாக்கலுக்கான மத்திய அரசின் பங்கு ரூ.4,846 கோடி மட்டுமே. ஆயுதம், தொலைத்தொடர்புக் கருவி, தடய அறிவியல் ஆய்வகம் போன்றவற்றுக்கான ஆண்டுச் செயல் திட்டத்தை மாநிலம் தயாரித்து அனுப்ப வேண்டும். முந்தைய தவணையை உரிய வேலைக்கே செலவிட்டதாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் தராவிட்டால் அடுத்த தவணை தாமதமாகும். நிலைய அளவில் கணக்கிட்டு வந்த நிதி மிக அரிது. பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியிலிருந்து நாடு முழுவதும் 10,000 காவல் நிலையங்களில் பெண்கள் உதவி மையம் அமைக்க வழங்கிய ரூ.100 கோடி அத்தகையது. சராசரியாக நிலையத்துக்கு ஒரு லட்சம்.

இனி நன்கொடை. நிலையத்துக்கு உள்ளே கேமரா பொருத்துவது அரசின் கடமை. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் அவற்றைப் பொருத்தவும், அதற்கான நிதியை விரைவாக ஒதுக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. அதற்காக உங்களிடம் கேட்டால் மறுத்துவிடலாம். தெருக் கேமராவுக்குத் தருவது உங்கள் விருப்பம், கட்டாயம் அல்ல. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து கேமரா பொருத்தப்பட்ட ஊர்கள் உண்டு என்பதால், முதலில் உறுப்பினரிடம் மனு கொடுங்கள். சங்கமே தருவதென்று முடிவு செய்தால் பணமாகத் தராதீர்கள். விற்பனையாளருக்குச் சங்கக் கணக்கிலிருந்து காசோலையாகச் செலுத்தி, கருவியைக் கண்காணிப்பாளருக்கு முகவரியிட்ட கடிதத்துடன் ஒப்படைத்து, ஒப்புகை பெறுங்கள். பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை அதே கடிதத்தில் எழுதிக்கொள்வது மிக முக்கியம். இல்லாவிட்டால் கம்பி அறுந்ததும் கேமரா வெறும் அலங்காரமாகிவிடும்.

விவரம் பெறுவதற்கு, மானியக் கோரிக்கை எண் 22 புத்தகமும் காவல் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் உங்கள் நிலையத்தின் பெயர் கிடைக்காது. எனவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். நிலையத்துக்குப் பதவி வாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், அவற்றை நிர்ணயித்த அரசாணையின் நகல், இன்றைய காலியிடங்கள், வேறு பணிக்கு அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை, கடந்த 12 மாதங்களில் நிலைய வாகனத்துக்கு மாதந்தோறும் வழங்கப்பட்ட எரிபொருள் ஆகியவற்றைக் கேளுங்கள். ‘ஏன்’ என்று கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். காரணம் கேட்கும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது எளிது. 30 நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஒவ்வோர் அலுவலகமும் தனக்கான நிதி ஒதுக்கீட்டைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 4(1)(ஆ) கூறுவதையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.

பதிலில் அனுமதிக்கப்பட்ட எண் போதுமானதாக இருந்து காலியிடங்கள் மிகுதியாக இருந்தால், உங்கள் மனு கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும். இருக்கும் ஆட்களை மாவட்டத்துக்குள் மாற்றி அமர்த்துவது அவர் கையில் இருக்கிறது. அனுமதித்த எண்ணே பழையதாக இருந்தால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. அப்போது பணியிடங்களை உயர்த்தக் கோரி உள்துறைச் செயலாளருக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் இடம்பெற வேண்டுமானால், துறைகள் தங்கள் கணக்கை அனுப்புவதற்கு முன்பே, அதாவது ஆண்டின் நடுப்பகுதியிலேயே அந்த மனு போய்ச் சேர வேண்டும்.