‘இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?’ – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளி விடுமுறையில் முன்பின் தெரியாத ஒரு கடற்கரை ஊருக்கு இரண்டு பிள்ளைகளோடு போகிறோம். நல்ல மீன் உணவகத்தை எப்படித் தேடுவது? இணையத்தில் பார்த்தால் எல்லா ஓட்டலுக்கும் நாலரை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.

பதில்: நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். கடற்கரை ஊர்களில் அதில் பாதி, அலையைப் பார்த்தபடி உட்கார்ந்ததற்காகக் கொடுத்தது. விமர்சனங்களில் புதியவை முதலில் வருமாறு வைத்து, கடைசி இரண்டு மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். சமையல்காரர் மாறியிருந்தால் போன வருடப் பாராட்டுக்கு மதிப்பில்லை. இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் விவரமாக எழுதுவார்கள். ‘கேட்ட மீன் தீர்ந்துவிட்டது என்றார்கள்’ என்று யாராவது குறைபட்டிருந்தால் அந்தக் கடையைக் குறித்து வையுங்கள். அன்றன்று வாங்கிச் சமைக்கிற இடத்தில்தான் மீன் தீர்ந்துபோகும்.

அதைவிட நல்ல வழி, ஊருக்குப் போன மறுநாள் காலை படகுகள் கரைசேரும் இடத்துக்கே போவது. பிள்ளைகளுக்கும் அது நல்ல வேடிக்கை. அங்கே மீன் விற்பவரிடமோ ஐஸ் உடைப்பவரிடமோ ‘எந்த ஓட்டல் நல்லா இருக்கும்?’ என்று கேட்காதீர்கள்; தெரிந்தவர் கடையின் பெயர்தான் வரும். ‘தினமும் உங்ககிட்ட மீன் எடுக்குற ஓட்டல் எது?’ என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் மதியம் அங்கே போகலாம்.

கடைக்குள் போனதும் மெனு அட்டையைத் திறக்கும் முன் ஒரே கேள்வி: ‘இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?’ ‘எல்லாமே ஃப்ரெஷ்தான் சார்’ என்பது பதிலே அல்ல. இரண்டு மூன்று மீனின் பெயரைச் சொல்லி, ‘இறால் இன்னைக்குச் சின்னதாத்தான் வந்துச்சு, வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் தாராளமாக உட்காருங்கள். எதை வறுக்கலாம், எதைச் சுடலாம் என்றும் அவரிடமே கேளுங்கள். சமையல்கட்டோடு பழகியவருக்கு அது தெரியும். புயலாலோ தடைக்காலத்தாலோ படகுகள் நாள்கணக்கில் கடலுக்குப் போகாதபோதும் ‘காலையில பிடிச்சது’ என்று சொல்கிற இடத்தில் சாப்பிட வேண்டாம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் கூட்டம் சேர்வதற்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுவது நல்லது. ஒரு கிலோ முழு மீன் தணலில் வேக 20 முதல் 25 நிமிடம் ஆகும். பசித்த பிள்ளை அதுவரை தாங்காது. முள் இல்லாத துண்டை உப்பும் மிளகும் மட்டும் போட்டு முதலில் அவர்களுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கணவாய் வறுவல் கேட்டால் அடம் பிடிக்காமல் வாங்கிக் கொடுங்கள். ஆனால் அது ரப்பர் போல வந்தால் சமையல்காரர் நேரம் தவறிவிட்டார் என்று அர்த்தம். நல்ல சூட்டில் இரண்டு நிமிடத்தில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் மெதுவாக வேகவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் எடுத்தால் மெல்ல முடியாது.

கேள்வி: சில உணவகங்களில் மீனை ஐஸில் அடுக்கி, நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: மீனுக்கு முன் ஐஸைப் பாருங்கள். உதிரியாக, வெள்ளையாக, உருகிய நீர் வடிந்தோட வழியோடு இருக்க வேண்டும். மீன் கலங்கிய தண்ணீரில் மிதந்தாலும், கீழே மட்டும் ஐஸ் இருந்து மேல்பக்கம் விளக்குச் சூட்டில் காய்ந்துகொண்டிருந்தாலும் அந்தத் தட்டைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐஸ் நேராகப் பட்டாலே நல்ல மீனின் கண்ணும் மங்கிப்போகும், அதை மட்டும் நம்ப முடியாது. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பளிச்சென்ற சிவப்பு நல்லது. பழுப்பேறி, கொழகொழவென்று இருந்தால் பழையது. செவுளே இல்லையென்றால் சதையை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். விரல் பதிந்த குழி உடனே நிமிர வேண்டும். கடைசியாக மோந்து பாருங்கள். புது மீனுக்குக் கடல் வாசம்தான் இருக்கும், மூக்கில் ஏறுகிற கார நெடி இருக்காது.

இறாலில் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நண்டை உயிரோடு காட்டச் சொல்லுங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள், அதில்தான் சதை இருக்கும். சிப்பிக்கும் மட்டிக்கும் சமைக்கும் முன் ஓடு மூடியிருக்க வேண்டும், வெந்தபின் திறக்க வேண்டும். தட்டில் மூடியே வந்ததை நெம்பித் திறக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: உறைய வைத்த மீன் என்று ஒரு கடையில் வெளிப்படையாகச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டோம். சரிதானே?

பதில்: உண்மையைச் சொன்ன கடையை விட்டுவிட்டீர்களே! பிடித்த உடனே கப்பலிலேயே உறைய வைத்த மீன், நான்கு நாள் ஐஸில் கிடந்த ‘ஃப்ரெஷ்’ மீனைவிட நன்றாகவே இருக்கும். பச்சையாகப் பரிமாறும் மீன் என்றால் உறைய வைத்ததுதான் பாதுகாப்பு. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் இருந்தால் அதிலுள்ள புழுக்கள் செத்துவிடும்.

கேள்வி: ஓட்டலில் சூரை மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் மகளுக்கு முகம் சிவந்து, தலைவலியும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தது. இதே மீனை முன்பு பலமுறை சாப்பிட்டவள்தான். இனி மீனே கொடுக்கக் கூடாதா?

பதில்: மீன் ஒவ்வாமை என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) அதிகம். பிடித்தபின் மீன் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும்; ஒவ்வாமை வந்தது போலச் சிவப்பையும் தடிப்பையும் தருவது இந்த ஹிஸ்டமின்தான். எவ்வளவு வறுத்தாலும் வேகவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மீன் பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே இருக்கலாம். சில சமயம் நாக்கில் மிளகு பட்டது போல ஒரு சுருக்கு தெரியும்; அப்படித் தெரிந்தால் அந்த வாயையே துப்பிவிட வேண்டும். அதே தட்டில் சாப்பிட்ட வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள், அது நல்ல தடயம்.

ஆனாலும் உண்மையான ஒவ்வாமையும் வெளியே இப்படித்தான் தெரியும். வீட்டில் வைத்துப் பிரித்தறிய முடியாது. மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன பிறகு மீண்டும் கொடுங்கள். மூச்சுத்திணறலோ உதடு, நாக்கு வீக்கமோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இறாலோ நண்டோ நிச்சயமாக ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் ‘இறால் போடாதீங்க’ என்பது போதாது. இறால் வறுத்த எண்ணெயிலேயே மீனையும் வறுப்பார்கள். தனி எண்ணெய், தனிச் சட்டி, கழுவிய கரண்டி என்று சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லும்போது பரிமாறுபவர் தயங்கினால், அன்று வேறு கடையைப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: மெனுவில் விலைக்குப் பதில் ‘எடைக்கேற்ப’ என்று இருந்தது. பில்லைப் பார்த்து ஆடிப்போய்விட்டோம்.

பதில்: மீனைக் காட்டி ‘சரி’ என்று சொல்லும் முன் நான்கு விஷயத்தைக் கேட்டிருக்க வேண்டும். சொன்ன விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா? எடை சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? சமைக்கும் கூலி அதில் அடக்கமா? வரி தனியா? பிறகு உங்கள் கண் முன்னே எடை போட்டு, எடையையும் மொத்தத் தொகையையும் ஆர்டர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் தகராறு வருவது, கிலோ விலை என்று நீங்கள் நினைத்தது 100 கிராம் விலையாக இருப்பதால்தான்.

முழு மீனில் தலை, முள், குடல் போக ஏறக்குறைய பாதிதான் சதை. இரண்டு பெரியவர்களும் இரண்டு சிறு பிள்ளைகளும் சாப்பிட ஒன்றேகால் கிலோ மீன் போதும். இரண்டரைக் கிலோ மீனை எடுத்துக் காட்டி ‘இதுதான் சார் இருக்கு’ என்றால், துண்டு மீன் கேளுங்கள்.

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. கடற்கரைக்குப் போனால் எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: பச்சைச் சிப்பியும் பச்சை மீனும் வேண்டவே வேண்டாம். சுறா, வாள் போல மூக்கு நீண்ட பெரிய மீன்கள், பெரிய சூரை ஆகியவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும், அவற்றையும் தவிருங்கள். மத்தி, நெத்திலி, இறால், கணவாய் நன்றாக வெந்ததாக இருந்தால் பயமில்லாமல் சாப்பிடலாம். முள்கரண்டியால் தொட்டதும் சதை இதழ் இதழாகப் பிரிந்து, உள்ளே கண்ணாடி போலத் தெரியாமல் வெள்ளையாக இருந்தால் வெந்துவிட்டது.

கேள்வி: பிள்ளைக்குத் தொண்டையில் முள் சிக்கினால் உணவை உருண்டையாக விழுங்கச் சொல்லலாமா?

பதில்: கூடாது. முள் இன்னும் ஆழமாகக் குத்திக்கொள்ளும். மெதுவாக இருமச் சொல்லுங்கள், விரலை விட்டுத் துழாவாதீர்கள். வலி நிற்காவிட்டாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.