விடியற்காலையில் செத்து ஒதுங்கும் மடவை

கேள்வி: முட்டுக்காடு கழியில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறது. ஒரு வாரமாக, விடிகிற நேரத்தில் பெரிய மடவைகள் செத்து ஒதுங்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வேறு. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. ஜேசிபி வைத்து முகத்துவாரத்தை வெட்டினால் சரியாகுமா? மீனைச் சாப்பிடலாமா?
– வாசகி, கோவளம்

பதில்: மருந்தாக இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது அம்மா. மருந்து என்றால் நேரம் காலம் பார்க்காது. பொடி மீனும் சேர்ந்து சாகும். உங்கள் கழியில் சாவது பெரிய மீன், அதுவும் விடியற்காலையில். மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

இறால் பண்ணையில் இருபது வருஷம் இராக்காவல் பார்த்தவன் நான். ஒருநாள் நாலு மணிக்கு டீசல் தீர்ந்து, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றுபோனது. டார்ச் அடித்தால் கரையோரம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்க் கண்கள். அத்தனை இறாலும் காற்றுக்குத் தவித்து ஓரம் ஒதுங்கிவிட்டது. அன்று ஓடிப்போய் டீசல் ஊற்றினேன். கழிக்கு யார் ஊற்றுவது?

தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசி பகலில் ஆக்ஸிஜனை விடும், இரவில் தானும் இழுத்துக்கொள்ளும். சாக்கடை அதற்கு உரம். 30 டிகிரி சூட்டில் நல்ல தண்ணீரிலேயே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரையும்; உப்பு ஏறினால் இன்னும் குறைவு. அது 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மடவை தாங்காது. ஜிலேபி மீன் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு ஓட்டிவிடும்.

முட்டை நாற்றம் அடிச்சேற்றிலிருந்து வருவது. ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில், கடல்நீரில் இருக்கும் சல்பேட்டை நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. மட்டிச் சிப்பி பொறுக்க இறங்கினால் வெள்ளிக் கொலுசு கறுத்துவிடுமே, அந்த வாயுவின் வேலைதான்.

சரி, ஜேசிபி. வெட்டினால் கடல்தண்ணீர் ஏறி இறங்கும், நாற்றம் அடங்கும், ஆனால் சில நாளைக்குத்தான். தென்காற்றுக் காலத்தில் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். மெரினாவில் அத்தனை மணல் சேர்ந்ததும் துறைமுகம் அந்த ஓட்டத்தை மறித்ததால்தான். முகத்துவாரம் அடைபடுவது தாத்தா காலத்திலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் தானே உடைத்துக்கொள்ளும். அப்போது உள்ளே தேங்கியது மழைத்தண்ணீரும் உப்புத்தண்ணீரும். இப்போது பக்கிங்காம் கால்வாய் வழியாக வரும் சாக்கடையும் சேர்ந்து தேங்குகிறது. அதைத் தடுக்காமல் மணலை மட்டும் வெட்டுவது ஜேசிபிக்காரருக்கு நல்ல வாடகை.

இன்னொன்று. வெட்டியதும் மேல்தண்ணீர்தான் முதலில் ஓடும். அடியில் கிடக்கும் கெட்ட தண்ணீர் தங்கி, மிச்ச மீனையும் கொன்றுவிடலாம். கழியில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது வெட்ட விடாதீர்கள்.

இறால் தீவனக் கடையில் ஆக்ஸிஜன் கிட் கிடைக்கும். பாட்டிலில் மருந்துச் சொட்டு விட்டதும் பழுப்பாகத் திரண்டால் ஆக்ஸிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. காலை ஐந்துக்கும் மாலை மூன்றுக்கும் பார்த்து, பதினைந்து நாள் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மனுவோடு அந்த நோட்டையும் வைத்தால் ‘பார்க்கலாம்’ என்று தட்டிக் கழிப்பது கஷ்டம். பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களையும் கேளுங்கள். எந்த இடத்தில் சேறு குமிழியிடுகிறது என்பது அவர்கள் காலுக்குத் தெரியும்.

செத்து ஒதுங்கிய மீனைத் தொடவே வேண்டாம். உயிரோடு பிடித்ததை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். மட்டியை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சாக்கடைத் தண்ணீரை வடிகட்டித்தான் அது வயிறு வளர்க்கிறது.

கேள்வி: கழியில் சுண்ணாம்பு போட்டால் நாற்றம் போகுமா?
– அதே வாசகி

பதில்: குட்டைக்கு மூட்டைக் கணக்கு சொல்வேன். கழிக்கு எத்தனை லாரி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.