கண்ணு மேலயே கதிர்வீச்சு தகடு வச்சு தைப்பாங்களாமே, நிஜமாவா?

நிஜம்தாங்க. கண்ணுக்குள்ள மெலனோமா, ரெட்டினோபிளாஸ்டோமா மாதிரி புற்றுநோய்க் கட்டி சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சுட்டா, கண்ண எடுக்காம காப்பாத்த இது ஒரு வழி. பொத்தான் சைஸ் வெள்ளித் தகடு, முழியோட வளைவுக்கு ஏத்த மாதிரி குழிவா இருக்கும், அதுல ருத்தீனியம்-106ங்கிற கதிர்வீசுற உலோகம் இருக்கும், கட்டிக்கு நேரா வெள்ளைமுழி மேல வச்சு தையல் போட்டுருவாங்க. அதுல இருந்து வர்ற பீட்டா கதிர் சில மில்லிமீட்டர்தான் உள்ள போகும், அதனாலதான் கட்டி ரொம்ப தடிச்சிருந்தா வேலைக்காகாது, பின்பக்கம் போற கதிர வெள்ளியே தடுத்துரும். சில நாள் கழிச்சு திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்கு கூட்டிட்டுப் போய் எடுத்துருவாங்க, அப்புறம் உடம்புல கதிர்வீச்சு மிச்சமிருக்காது, பேரப்புள்ளைய தாராளமா தூக்கிக் கொஞ்சலாம். ருத்தீனியத்தோட அரை ஆயுள் (கதிர்வீச்சு பாதியா குறையற காலம்) ஒரு வருஷம் சொச்சம், அதனால ஸ்டெரிலைஸ் பண்ணி அதே தகட்ட வேற ஆளுக்கும் வைப்பாங்க (பயப்படாதீங்க, அது வழக்கம்தான்). மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமே இந்தத் தகட்ட தயாரிக்குது. பார்வைக்கு மட்டும் கேரண்டி கிடையாது, கட்டி பார்வை நரம்பு பக்கத்துல இருந்தா கொஞ்சம் கொஞ்சமா மங்கலாம்.