கரைந்துபோகும் உப்புக்கு அகழாய்வில் என்ன தடயம் கிடைக்கும்? இடைக்கால உப்பளங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உப்பையே தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆய்வாளர்கள் தேடுவது, உப்புக் காய்ச்சியவர்கள் கொட்டிவிட்டுப் போன கழிவை.

நான் ராணிப்பேட்டையில் தோல் தொழிலில் இருப்பவன். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் உப்பு நாள் முழுதும் காலடியில் கிடக்கும். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிட்டுத்தான் வரும். உதறினால் தரை வெளுத்துவிடும். ஒரு மழைக்கு அந்த வெள்ளை போய்விடும். ஆனால் உப்பேறிய சுவரின் கீழ்வரிசைச் செங்கல் பொரிந்து உதிர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த ஆய்வுக்குப் பேர்போன இடம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள லிங்கன்ஷயர் சதுப்பு நிலம். 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே நிலக்கணக்கிலேயே அங்கு உப்பு எடுத்த இடங்கள் பதிவாகியிருக்கின்றன. நம் ஊர் வெயிலை அங்கே எதிர்பார்க்க முடியாது. பாத்தி கட்டிக் காத்திருந்தால் மழைதான் வரும். ஆகவே கோடையில் பெரிய ஓதம் ஏறி வடிந்தபின், உப்புப் பூத்த வண்டலைச் சுரண்டிச் சேர்த்தார்கள். களிமண் பூசிய குழியின் அடியில் புல்கரணை பரப்பி, அதன்மேல் வண்டலைக் கொட்டிக் கடல்நீரை ஊற்றினால், காப்பி டிகாக்‌ஷன் இறங்குவதுபோலக் கெட்டி உப்புநீர் இறங்கும். அதில் முட்டை மிதந்தால் பதம் சரி. அமிழ்ந்தால் காய்ச்சுவது விறகுக்குக் கேடு. விறகு என்றேனே தவிர, ஈயத் தட்டுகளுக்கு அடியில் எரித்தது சதுப்பில் வெட்டி உலர்த்திய கரிமண்ணை.

உப்பு இறங்கிய வண்டலைப் பக்கத்திலேயே கொட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொட்டியதில் அது ஓதம் எட்டாத மேடாயிற்று. மார்ஷ்சாப்பல் என்ற ஊரே அப்படிப்பட்ட கழிவு மேட்டில் எழுந்ததுதான். விமானத்திலிருந்து லேசர் ஒளியால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் லைடார் படங்களில் இந்த மேடுகள் தெளிவாகத் தெரிகின்றன. தோண்டினால் களிமண் குழிகள், சாம்பல், வெந்து சிவந்த மண்.

மரக்காணத்திலோ வேதாரண்யத்திலோ இப்படிக் கிடைப்பது கடினம். இங்கே அடுப்பு வெயில்தான், சாம்பலுக்கு வழியில்லை. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் பாத்திகளை மிதித்துப் புதிதாகக் கட்டுவார்கள், பழையது அதோடு அழிந்துவிடும். சோழர் காலத்து அளங்களைப் பற்றிக் கல்வெட்டு பேசும் அளவுக்கு மண் பேசாது.

என்னைக் கேட்டால், லிங்கன்ஷயருக்கு நம் பக்கத்து ஈடு உள்நாட்டு உவர்நிலம்தான். உவர்மண்ணை நீரூற்றி வடித்து உப்பெடுக்கும் தொழில் பழைய சென்னை மாகாணத்தில் இருந்தது. உப்பு வரிக்குக் குறுக்கே நிற்கிறது என்று ஆங்கில அரசு அதை ஒடுக்கியது. பெல்லாரிப் பக்கம் சாறு இறங்கிய மண்ணைக் குவித்துக் குவித்து மேடாக்கி, அதன்மேலேயே பாத்தி கட்டி வேலை செய்தார்கள். கடலைப் பார்த்திராத ஊர்களில் உப்பு மேடு! அகழாய்வுக்காரர்கள் முதலில் அந்தப் பக்கம் போகலாம்.